குடும்ப டாக்டர் புதுக் கருவியை எப்போது வாங்குவார், எப்போது வாங்க மாட்டார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மெயின் ரோடு டாக்டர் ஏஐ வைத்து ஈசிஜி பார்க்கிறாராம், நீங்க ஏன் சார் இன்னும் வைக்கலை?" என்று கேட்கும் நோயாளிகளுக்காகவும், கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு "வாங்கலாமா அண்ணா?" என்று போன் செய்யும் இளைய டாக்டர்களுக்காகவும் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தில் கிளினிக் வைத்து எல்லா வியாதியும் பார்க்கிறவன் நான். பெரிய மருத்துவமனைகளில் கருவி வாங்க ஒரு கமிட்டி இருக்கும். இங்கே கமிட்டி என்றால் நானும் எங்கள் சிஸ்டரும்தான்.

ஒரு புதுக் கருவி வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ரிசல்ட் கைக்கு வந்த பிறகு நான் வேறு என்ன செய்யப் போகிறேன் என்பதை. துல்லியம், விலை, கம்பெனி பெயர் எல்லாம் அப்புறம்.

சிஆர்பி பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று சில நிமிடங்களில் ஒரு எண் வரும். இருமலும் காய்ச்சலுமாக வருபவருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டுமா வேண்டாமா என்ற குழப்பம் எங்களுக்குத் தினமும் உண்டு. எந்தச் சிகிச்சை எப்போது என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதலில் இதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது. உடம்பைப் பரிசோதித்த பிறகும் நிமோனியாவா என்று தெளிவாகாதபோது, சிஆர்பி 20-க்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். 100-க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம். நடுவில் இருந்தால் சீட்டை எழுதிக் கொடுத்து, உடம்பு மோசமானால் மட்டும் மருந்து வாங்கச் சொல்லலாம். இப்படி எண்ணைப் பார்த்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தால் அந்தக் கருவிக்கு என் மேஜையில் வேலை இருக்கிறது. எண் எதுவாக இருந்தாலும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதத்தான் போகிறேன் என்றால், நோயாளிக்கு ஒரு குத்தும் ஒரு பில்லும்தான் மிச்சம்.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து நாடுகளில் குடும்ப டாக்டர்கள் சிஆர்பியைத் தங்கள் கிளினிக்கிலேயே பார்ப்பது சாதாரண விஷயம். வழிகாட்டுதல் இருந்தும் இங்கிலாந்தில் அது பெரிதாகப் பரவவில்லை. முக்கியமான காரணம், ஒவ்வொரு பரிசோதனைக்கும் கருவியில் புதிதாகப் போட வேண்டிய கார்ட்ரிட்ஜின் செலவு யார் தலையில் விழும் என்பது தீராமல் கிடந்ததுதான். ஆன்டிபயாட்டிக் குறைந்தால் நன்மை நாட்டுக்கு; பில் மட்டும் டாக்டருக்கு. எந்த ஊர் டாக்டராக இருந்தாலும் இந்தக் கணக்கில் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்.

நல்ல கருவி என்றால் தானாகவே பரவிவிடாதா?

பரவாது. மோசமான ஒன்று காட்டுத்தீயாகப் பரவிய கதையே நம் நாட்டில் இருக்கிறது.

டிபி இருக்கிறதா என்று ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பரிசோதனை ஒன்று தனியார் லேப்களில் வெகுகாலம் ஓடியது. நோய் இல்லாதவருக்கு இருக்கிறது என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்த பரிசோதனை அது. 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. 2012 ஜூனில் இந்திய அரசு இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றுக்கும் தடை போட்டது.

அதுவரை அது ஏன் ஓடியது? ஊசி போட்டு ரத்தம் எடுப்பது எல்லா லேபுக்கும் தெரிந்த வேலை. சாயந்திரத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிடும். அச்சடித்த தாளில் ஒரு எண் இருக்கும், நோயாளிக்கும் திருப்தி. பரிசோதனைக்கு அனுப்பியவருக்கு லேபிலிருந்து வரவேண்டியதும் வந்துவிடும், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. சளிப் பரிசோதனைக்கு இதில் எதுவும் கிடையாது. காலையில் எழுந்து, ஆழமாக இருமி, டப்பாவில் துப்பி, அதை யார் கண்ணிலும் படாமல் பஸ்ஸில் எடுத்து வர வேண்டும். பாதிப் பேர் எச்சிலைத்தான் கொண்டுவருவார்கள்.

இதே காலத்தில்தான் நல்ல பரிசோதனையும் வந்தது. சிபிநாட் என்று அரசு மருத்துவமனைகளில் சொல்வார்கள், ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவியில் செய்வது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்தது. சளியில் டிபி கிருமியின் மரபணு இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் கருவி லட்சக்கணக்கில் விலை. நிலையான மின்சாரமும் ஏசியும் கேட்கும். பிறகு கோவாவில் உள்ள மோல்பயோ நிறுவனம் பேட்டரியில் ஓடும் ட்ரூநாட்டைக் கொண்டுவந்தது. 2020-இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் இந்தப் பரிசோதனை இறங்கி வர வழி பிறந்தது.

இவற்றில் எதையும் நான் வாங்கவில்லை, வாங்கவும் தேவையில்லை. எங்கள் கிளினிக்கில் இந்தத் தொழில்நுட்பம் என்பது மூடி போட்ட சளி டப்பாக்கள் ஒரு பெட்டி, அரசு டிபி பிரிவு மேற்பார்வையாளரின் போன் நம்பர், சளி எப்படி எடுப்பது என்று வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்ச் செய்து காட்டும் சிஸ்டர். அரசு இதை இலவசமாகவே பார்த்துக் கொடுக்கிறது. ஒரு கருவியை ஏற்றுக்கொள்வது என்றால் அதை வாங்கி அலமாரியில் வைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். நோயாளியைச் சரியான இடத்துக்கு அனுப்பி, போனவர் திரும்பி வருகிறாரா என்று பார்ப்பதும் அதே கணக்குதான்.

கம்பெனி ரெப் (விற்பனைப் பிரதிநிதி) சொல்வதைக் கேட்டுத்தானே வாங்குகிறீர்கள்?

நாங்கள் அப்படி ஒத்துக்கொள்வதில்லை. "நண்பர் ஒருத்தர் யூஸ் பண்றார், நல்லா இருக்குன்னார்" என்போம்.

இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. 1950-களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நான்கு ஊர்களை எடுத்துக்கொண்டு, கோல்மன், காட்ஸ், மென்சல் என்ற மூன்று சமூகவியலாளர்கள், அப்போது புதிதாக வந்திருந்த டெட்ராசைக்ளின் மருந்தை எந்த டாக்டர் எப்போது எழுத ஆரம்பித்தார் என்று பார்த்தார்கள். டாக்டர்களிடம் கேட்டால் சரியாக வராது என்று மருந்துக்கடைகளில் இருந்த சீட்டுகளையே புரட்டினார்கள். சக டாக்டர்களோடு நிறையப் பழகுகிறவர்கள் சீக்கிரம் எழுதினார்கள், தனியாக இருந்தவர்கள் தாமதித்தார்கள் என்று முடிவு வந்தது. புதுமை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்பதற்கு இதுதான் சான்று என்று பல பத்தாண்டுகள் பாடம் நடந்தது. அப்புறம் 2001-இல் வான் டென் புல்டே, லிலியன் என்ற இருவர் அதே தரவை எடுத்து, மருந்துக் கம்பெனிகள் அந்த மாதங்களில் செய்த விளம்பரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். நண்பர்களின் தாக்கம் என்று நினைத்தது அதில் கரைந்து போய்விட்டது.

எனவே நண்பர் சொன்னதைக் கேட்பதில் தப்பில்லை. நண்பருக்கு யார் சொன்னார்கள் என்பதையும் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

ரெப்புகளைக் குறை சொல்ல வரவில்லை. இரவு ஒன்பதரைக்குக் கடைசி டோக்கன் முடியும்வரை நின்றுகொண்டே காத்திருந்து, இரண்டு நிமிடத்தில் பேசிவிட்டுப் போகிறவர்கள். பல நல்ல விஷயங்கள் எனக்கு முதலில் அவர்கள் வழியாகத்தான் தெரியவந்தன. ஆனால் ஒரு கருவியின் குறையை அதை விற்க வந்தவரிடம் எதிர்பார்க்க முடியாது. பரிசோதனைக்கு அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசுப் பொருள் வாங்குவதற்கும் 2009-இல் தடை வந்தது. விதி இருக்கிறது என்பதற்காக நடப்பு மாறிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளி இல்லை.

"மெஷின் இலவசம், கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கினால் போதும்" என்கிறார்களே, நல்ல டீல்தானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் என் கற்பனை, முறை உண்மை. கார்ட்ரிட்ஜ் ஒன்று 300 ரூபாய், மாதம் 60 எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். உங்கள் கிளினிக்கில் மூன்று மாத சராசரி சர்க்கரையான எச்பிஏ1சி உண்மையில் தேவைப்படுவது மாதம் 25 பேருக்கு. மீதி 35 கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது 10,500 ரூபாய்க்கு, யாரையாவது கண்டுபிடித்தாக வேண்டும். போன மாதம்தான் பார்த்தவருக்கு இந்த மாதம் மறுபடி பார்ப்பீர்கள். சர்க்கரைக்கான அறிகுறியோ ஆபத்தோ இல்லாத இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் "ஒரு தடவை பார்த்துடலாமே" என்பீர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே, ஒப்பந்தம் உங்கள் கையைப் பிடித்து சீட்டு எழுத வைக்கும்.

எச்பிஏ1சியில் இன்னொரு சிக்கல். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்; சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் குறைவாகக் காட்டும். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று எந்த டாக்டரையும் கேளுங்கள். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எதை அளக்கிறதோ அதுவே திரிந்திருந்தால் என்ன செய்வது?

ஏஐ டாக்டரையே மிஞ்சிவிட்டது என்கிறார்கள். கிளினிக்கில் ஏன் இன்னும் பார்க்க முடியவில்லை?

இந்தக் கதையின் ஒரு பகுதி மதுரையில் நடந்தது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கணினி முறையைக் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பழக்கக் கொடுத்த படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. கண் டாக்டர்களுக்கு ஈடாக அது கண்டுபிடித்தது. 2018 ஏப்ரலில், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ, இதே வேலைக்கான ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற இன்னொரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. கண் டாக்டர் பார்க்காமலேயே, குடும்ப டாக்டரின் கிளினிக்கில் கருவி தானே முடிவு சொல்லலாம் என்று.

இதைக் கேட்டால் நாளைக்கே வாங்கிவிடத் தோன்றும். ஆனால் கூகுள் குழு தன் கருவியைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது 2020-இல் வெளிவந்தது. படம் எடுப்பது நர்ஸுகள். அறையை இருட்டாக்க வசதியில்லாத இடங்களில் படம் மங்கலாக வரும். மங்கலான படத்தைக் கணினி "தரம் போதாது" என்று தள்ளிவிடும். ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்கள் இப்படித் தள்ளப்பட்டன. தள்ளப்பட்டவருக்குக் கண்ணில் கோளாறே இல்லை என்று நர்ஸுக்குத் தெரிந்தாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். இணைய வேகம் குறைந்த நேரத்தில் படம் ஏறுவதற்குள் வரிசை நீண்டுவிடும்.

கணினியின் அறிவில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஜன்னல் திரை, வைஃபை, பஸ் கட்டணம் இவைதான் பிரச்சினை. நம் ஊருக்கு வந்தால் மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஏஐ கருவி விற்க வருபவரிடம் நான் சதவீதத்தைக் கேட்பதில்லை. சரி, படத்தை யார் எடுப்பார்கள், சரியாக வராவிட்டால் அடுத்தது என்ன, கோளாறு என்று சொன்னால் என் நோயாளியை எந்தக் கண் டாக்டர், எத்தனை நாளில் பார்ப்பார் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்கு இதுவரை எந்த விற்பனையாளரும் பதிலோடு வந்ததில்லை.

கம்ப்யூட்டரில் எழுதினால் நல்லதுதானே, ஏன் இன்னும் பேப்பர் சீட்டு?

நேரம். 2017-இல் பிஎம்ஜே ஓபன் இதழில் பல நாடுகளின் குடும்ப டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியா சுமார் இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்துக்குள் மூன்று திரை திறந்து, ஓடிபி வாங்கி, நோயின் பெயரைப் பட்டியலில் தேட வேண்டும் என்றால் மிச்சம் எதுவும் இருக்காது.

அமெரிக்கா 2009-இல் சட்டம் போட்டு, கோடிக்கணக்கான டாலர் ஊக்கத்தொகை கொடுத்து டாக்டர்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. மாறினார்கள். 2016-இல் அங்கே எடுத்த ஓர் ஆய்வில், நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் மேஜை வேலையிலும் போகிறது என்று தெரிந்தது. காசு கொடுத்தால் கருவி பரவும் என்பது உண்மைதான். பரவியது யாருக்கு உதவுகிறது என்பது தனிக் கேள்வி.

நான் பாதி வழியில் இருக்கிறேன். சர்க்கரை, பிபி நோயாளிகளுக்கு மட்டும் கம்ப்யூட்டர் பதிவு. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வருவார்கள், பழைய எண்கள் வேண்டும். ஒரு நாள் சளிக் காய்ச்சலுக்குப் பேப்பரே போதும்.

ஆபா நம்பர் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒருவருக்குத் தரும் 14 இலக்க சுகாதார எண் அது. பெரிய மருத்துவமனைகளில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஓபி சீட்டு வாங்க வசதி. சிறிய கிளினிக்குக்கு இப்போதைக்கு வேலைதான் கூடுதல். மற்ற மருத்துவமனைகளின் ரிப்போர்ட்டுகள் உண்மையிலேயே அதில் வந்து விழ ஆரம்பித்தால் நானே ஓடிப்போய்ச் சேருவேன்.

தமிழ்நாட்டுக் குடும்ப டாக்டர்கள் மிக வேகமாக ஏற்றுக்கொண்ட தொழில்நுட்பம் எது?

என்னைக் கேட்டால் வாட்ஸ்அப். யாரும் டெமோ காட்டவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை, மருத்துவத்துக்காக அதை உருவாக்கவும் இல்லை. எல்லார் கையிலும் ஏற்கெனவே இருந்தது, கூடுதல் செலவு இல்லை, நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். நெஞ்சு வலியோடு வந்தவரின் ஈசிஜியைப் படம் எடுத்து இருதய டாக்டருக்கு அனுப்பினால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் "உடனே அனுப்புங்க, கேத் லேப் ரெடி பண்றேன்" என்று பதில் வந்துவிடும். கேத் லேப் என்பது இருதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் அறை. இதற்கு முன்னால் ஈசிஜி கோட்டைப் பார்த்து, போனில் "எஸ்டி கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கு சார்" என்று விவரித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் எங்களுக்கே தெரியாமல் நாங்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பும் இதில் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு, பெயர், வயது எதுவும் இல்லாமல், குழந்தையின் முதுகில் ஒரு தடிப்பு, மங்கலான படம், கீழே "டாக்டர் என்ன மாத்திரை?" என்று ஒரு வரி. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதையெல்லாம் மருத்துவ ஆலோசனையாகவே கருதுகிறது. நோயாளி யார் என்று உறுதி செய்ய வேண்டும், பதிவு வைக்க வேண்டும், எல்லா மருந்தையும் இப்படி எழுத முடியாது. தூக்க மாத்திரை, மனநல மருந்து வகைகளில் சிலவற்றுக்குத் தடை உண்டு. பதில் போட்டுவிட்டால் நேரில் பார்த்ததற்குச் சமமான பொறுப்பு. அதனால்தான் எங்கள் கிளினிக்கில் தனி நம்பர். அது இரவில் சிஸ்டரின் மேஜை இழுப்பறையில் தூங்கும்.

கைக்கு அடக்கமான ஸ்கேன் கருவி வந்துவிட்டதே, ஏன் வாங்கவில்லை?

இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது, காரணத்தோடுதான். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், இயக்குபவருக்கு உரிய தகுதியோ பயிற்சியோ இருக்க வேண்டும். "நான் நுரையீரலில் நீர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்" என்று சொன்னாலும் அதே விதிதான். வெளிநாட்டில் குடும்ப டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் மாதிரிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள் தம்பிகளே.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பலாமா?

நம்பலாம், கொஞ்சம் சந்தேகத்தோடு. கொரோனா காலத்தில் பால் பாக்கெட் போல வீட்டுக்கு வீடு போன கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு தகவல் வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தையும் எடுத்துப் பார்த்ததில், உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி அளக்கும் கருவி. தோலின் நிறமி கூடினால் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டக்கூடும். நம் தோலுக்கும் இது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எனவே 94 என்று காட்டினாலும் மூச்சு வாங்கியபடி வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேசுகிறவரை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இரண்டும் எண்ணைக் கெடுக்கும்.

பாதரச பிபி கருவிதானே சரி, டிஜிட்டல் தப்பாகக் காட்டும் என்கிறார்களே?

பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அந்தப் பாதரசம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. பாதரசப் பயன்பாட்டைக் குறைத்து, இந்த மாதிரிக் கருவிகளையும் கைவிடச் சொல்லும் மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் முறைப்படி இணைந்தது. கருவி மாறுவதைவிடக் கைப்பட்டைதான் பெரிய பிரச்சினை. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மாத்திரையும் கூடும். ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல், மாடிப்படி ஏறி வந்தவுடன் பார்த்தாலும் அப்படித்தான்.

மேல்கையில் கட்டும், முறையாகச் சோதித்துச் சரிபார்த்த டிஜிட்டல் கருவி போதும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர் பெண்கள் வீடு வீடாகப் போய் பிபியும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். டாக்டர் காதில் ஸ்டெதஸ்கோப் வைத்துத்தான் பிபி பார்க்க வேண்டும் என்றிருந்தால் அந்தத் திட்டமே கிடையாது.

என் வாட்ச் இதயத் துடிப்பு சரியில்லை என்கிறது. டாக்டர் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள வேண்டும், பதறவும் வேண்டாம். ஆப்பிள் வாட்சை வைத்து 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் ஈசிஜி பட்டை ஒட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பதிவானது. வந்து ஒரு முறையான ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், ஐம்பது வயதுக்கு மேல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சில் பச்சை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் எனக்கும் வேண்டுமா?

இன்சுலின் போடுபவர், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வருபவர் என்றால் நான் தாராளமாகச் சொல்வேன். மாத்திரையில் மட்டும் இருப்பவருக்கு, இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்தால் எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இட்லியைப் பற்றி நான் பத்து வருஷமாகச் சொன்னதை அந்தக் கோடு ஒரே காலையில் புரிய வைத்துவிடுகிறது. மாதாமாதம் சில ஆயிரம் செலவழித்து ஒட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

பழைய பரிசோதனைகளை ஏன் விடாமல் செய்கிறார்கள்?

புதிதை எடுப்பதைவிடப் பழையதை விடுவது கஷ்டம். டைபாய்டுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் வைடால் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-இலிருந்து இருக்கும் பரிசோதனை. டைபாய்டு சகஜமாக உள்ள ஊரில், ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் நம்பகமானது. ஆனால் கல்ச்சருக்கு நாள் பிடிக்கும், செலவு அதிகம், ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் பிடிபடாமலும் போகும். வைடால் மறுநாளே வரும். "டைபாய்டு இருக்காம்" என்று வீட்டில் சொல்ல ஒரு பெயரும் கிடைக்கும். காய்ச்சலோடு வந்தவர் வெறும் கையோடு போக விரும்புவதில்லை, அனுப்பவும் டாக்டருக்கு மனம் வருவதில்லை.

புதிதாகக் கிளினிக் போடுகிறேன். எதை முதலில் வாங்குவது?

இரண்டு அளவுப் பட்டையோடு நல்ல பிபி கருவி, ஒரே கம்பெனி குளுக்கோமீட்டர், பன்னிரண்டு லீட் ஈசிஜி, நெபுலைசர், ஆக்சிஜன் பார்க்கும் கருவி, சரியான எடை மெஷின். மற்றதெல்லாம் ஒரு வருஷம் நோயாளிகளைப் பார்த்த பிறகு.

விலை கூடியது எதுவானாலும் இரண்டு வாரம் கிளினிக்கில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். டெமோவை ஞாயிற்றுக்கிழமை வாங்காதீர்கள். திங்கட்கிழமை சாயந்திரம், முப்பது டோக்கன் நிற்கும்போது, கம்பெனி ஆள் தொடாமல் உங்கள் சிஸ்டரே இயக்கட்டும். அவருக்குப் பிடிக்காத கருவி மூன்றாவது மாதம் துணி போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். சித்திரை வெயிலில் ஸ்ட்ரிப் எங்கே வைப்பது, டப்பாவைத் திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். சென்னை என்று பதில் வந்தால், பழுதான நாட்களுக்கு மாற்றுக் கருவி தருவார்களா என்றும் கேளுங்கள். ஸ்ட்ரிப், கார்ட்ரிட்ஜ், பேப்பர் ரோல் எல்லாவற்றின் விலையையும், எத்தனை வருஷத்துக்கு அந்த விலை என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன விலை ஏப்ரல் மாதம் மாறிவிடும்.